கால் கட்டை இறங்கிய பவனி: சேலம் பேண்டு செட் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

டிசம்பர் மாதக் கடைசியில் ஏற்காட்டில் ஒரு தேவாலயத் தேர்ப் பவனி. வாசிக்கப் போனது சேலத்துப் பேண்டு செட். பவனி கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே சாக்ஸபோனும் கீபோர்டும் ஒட்டாமல் போயின. கூடவே பாடிக்கொண்டு வந்தவர்கள் எந்தச் சுருதியைப் பிடிப்பது என்று தெரியாமல் ஒவ்வொருவராகப் பாட்டை நிறுத்தினார்கள். பாதி வழியில் கீபோர்டை அணைத்துவிட்டு, இரண்டு சாக்ஸபோன், ஒரு ட்ரம்பெட், டிரம் செட் ஆகியவற்றை மட்டும் வைத்து மீதித் தெருக்களைச் சுற்றி வந்தார்கள். பேசிய தொகையில் ஒரு பகுதி பிடித்தம் ஆனது. மலை இறங்கும்போதே வேனுக்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பனியில் ரீட், அதாவது சாக்ஸபோனில் ஊதும் இடத்தில் இருக்கும் நாணல் தகடு, நனைந்துவிட்டது என்றார் ஒருவர். ஜெனரேட்டர் கரண்ட் ஏறி இறங்கியதால் கீபோர்டு கெட்டது என்றார் இன்னொருவர். டிரம் வாசிக்கிறவர் நேரடியாகவே, சாக்ஸபோன் தம்பி சாதகம் செய்வதில்லை, செல்போன் பார்க்கவே நேரம் போதவில்லை என்றார். விசாரித்துப் பார்த்ததில் மூன்றுமே உண்மையான காரணம் இல்லை. உண்மைக் காரணத்தில் ஒரு பாதி குளிர். மறுபாதி இந்தச் செட் பல வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்த முடிவுகள். அந்த மறுபாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன். குழுவின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அப்படியே விட்டிருக்கிறேன்.

செட் உருவான விதம்

இப்போதைய மாஸ்டரின் தாத்தா பறை அடித்தவர். ஊர்த் திருவிழா, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் போனவர். அடுத்த தலைமுறையில்தான் பேண்டு வந்தது. போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தெருப் பையன்களுக்குக் கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் சொல்லிக் கொடுத்தார். பழைய வாத்தியங்களை வாங்கி, சிவப்புக் கோட்டும் தொப்பியும் தைத்துச் செட் ஆக்கினார்கள். தமிழ்நாட்டின் பல ஊர்களில் பேண்டு செட்டுகள் இப்படித்தான் கிளம்பின. பறையோடு போனபோது தெருமுனையில் நிற்க வைத்த வீடுகள், கோட்டு போட்டுக் கிளாரினெட்டோடு போனதும் வாசல் வரை விட்டன. வாசல் வரைதான். பந்தியில் எப்போது, எங்கே உட்கார வைத்தார்கள் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

பேண்டு இசை நமக்குப் புதிதல்ல. தஞ்சையில் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி அரண்மனையில் மேற்கத்திய வாத்தியக் குழுவை வைத்திருந்தார். அதே காலத்தில் வாழ்ந்த முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரங்கள் என்று இன்றும் சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவை அவைதான். கிளாரினெட்டைக் கர்நாடக இசை மேடையில் நிறுத்திய திருச்சி ஏ.கே.சி. நடராஜனுக்கு 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் தெருவில் அதே கிளாரினெட்டை ஊதுகிறவனை யாரும் வித்வான் என்று சொன்னதில்லை. இரண்டும் ஒரே வாத்தியம்தான். ஊதுகிற இடம் வேறு, அவ்வளவுதான்.

சேலத்தில் பேண்டு பிழைத்ததற்கு ஆடி மாதம் முக்கியக் காரணம். ஆடியில் கல்யாணம் கிடையாது. மற்ற ஊர்களில் வாத்தியக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு இருக்கும் மாதம் அது. சேலத்தில் அப்போதுதான் கோட்டை மாரியம்மன் கோவிலில் ஆரம்பித்து, நகரத்தில் பேட்டைக்குப் பேட்டை மாரியம்மன் பண்டிகை நடக்கும். குகை என்ற பேட்டையில் வண்டி வேடிக்கை. சாமி வேடம் போட்டவர்களை வண்டிகளில் அலங்கரித்து நிறுத்தி ஊர்வலம் விடும் அந்த இரவுக்கு வாத்தியக்காரர்கள் எத்தனை பேர் இருந்தாலும் பற்றாது. மார்கழியிலும் கல்யாணம் இல்லை. அதைக் கிறிஸ்துமஸ் ஈடுகட்டும். அரிசிப்பாளையம் பக்கத்திலும் மலை மேலும் தேவாலயங்கள் உண்டு. கெரோல் பாட்டு, தேர்ப் பவனி, புத்தாண்டு என்று வேலை வரும். புரட்டாசிதான் வறட்சி. ஆக இந்துக் கோவிலும் கிறிஸ்தவக் கோவிலும் மாறி மாறிச் சோறு போடுகிற செட் இது. ஆட்களிலும் இரண்டு மதத்துக்காரர்களும் இருக்கிறார்கள். அது அவர்களுக்கு ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

சாக்ஸபோன் வந்த பிறகு

அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் பாரிஸில் காப்புரிமை வாங்கிய வாத்தியம் இது. உடம்பு பித்தளை, ஆனால் ஒலி பிறப்பது கிளாரினெட் போல நாணல் ரீடில். அதனால் சாக்ஸபோனை மரக்காற்று வாத்தியங்களோடுதான் சேர்ப்பார்கள். நம் பக்கம் இதற்கு மதிப்பு வாங்கிக் கொடுத்தவர் கதிரி கோபால்நாத். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு ஆசைப்பட்டு, அதில் கமகம் வர வைத்தவர். 1994-ல் 'டூயட்' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் அவர் வாசித்ததைக் கேட்ட பிறகு, சாக்ஸபோன் என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. கல்யாண வீட்டில் "சாக்ஸபோன் இருக்கா?" என்று கேட்டுத்தான் முன்பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

இந்தச் செட்டும் பழைய ஆல்டோ சாக்ஸபோன் ஒன்றை வாங்கியது. வாசிக்கிறவருக்கும் அது சௌகரியம். கிளாரினெட்டில் மேல் ஸ்தாயிக்குப் போனால் விரல் கணக்கே மாறும். ஸ்தாயி மாற்றும் ரெஜிஸ்டர் சாவியை அமுக்கினால் அடுத்த ஸட்ஜம் வராது, அதைத் தாண்டிப் பஞ்சமத்துக்கு ஏறிவிடும். சாக்ஸபோனில் அந்தத் தலைவலி இல்லை. கீழே எந்த விரலோ மேலேயும் அதே விரல். குழாய் கூம்பாக விரிந்து போவதால் வருகிற வசதி இது. சத்தமும் அதிகம். கிளாரினெட்டில் வருடக்கணக்கில் தடவித் தடவிக் கற்ற பையன் ஆல்டோவைச் சில மாதங்களில் ஊதிவிடுகிறான்.

இன்னொரு வசதியும் உண்டு. ஆல்டோவில் விரல் கணக்குப்படி 'சி' என்ற மேற்கத்திய ஸ்வரத்தை வாசித்தால் வெளியே வருவது ஈ ஃப்ளாட், அதாவது நம் சுருதிக் கணக்கில் இரண்டரைக் கட்டை. நாதஸ்வரம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டையில் இருக்கும். அதனால் நாதஸ்வரக்காரர் பக்கத்தில் நின்று ஆல்டோ ஊதுவது எளிது. ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் பி ஃப்ளாட் வாத்தியங்கள். அவற்றில் 'சி' ஆறரைக் கட்டை. ஒரே பாட்டைச் சேர்ந்து வாசிக்க ட்ரம்பெட்காரர் சி-யிலிருந்து ஆரம்பித்தால் ஆல்டோக்காரர் ஜி-யிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்தக் கணக்கை எழுதி வைத்துப் படிக்கிறவர்கள் செட்டில் யாரும் இல்லை. காதில் வாங்கி விரலில் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அதுவே பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. முன்னால் நிற்கிற சாக்ஸபோன்தான் வீடியோவில் விழும். மாப்பிள்ளையின் மாமா ரூபாய் நோட்டைக் குத்துவதும் சாக்ஸபோன்காரரின் சட்டையில்தான். அன்பளிப்பைப் பங்கு போடுவதா, வாங்கினவனுக்கேவா என்ற தகராறு இந்தச் செட்டில் இன்னும் தீரவில்லை. அப்புறம் கீழ்க் குரல் கொடுக்கும் பித்தளை வாத்தியமான யூஃபோனியம் ஊத எந்தப் பையன் வருவான்? கனமான வாத்தியம். பாட்டின் மெட்டு அதில் வராது. கீழே நின்று தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கைதட்டு கிடையாது. யூஃபோனியம் வாசித்த பெரியவர் முழங்கால் வலியால் ஊர்வலத்தில் நடக்க முடியாமல் நின்றார். வாத்தியத்தின் வால்வு இறுகிக் கிடந்தது. மாற்று ஆள் தேடவில்லை. இரண்டாவது கிளாரினெட்காரர் சாக்ஸபோனுக்கு மாறினார். ட்ராம்போன் எப்போதோ போய்விட்டது.

மேலே மெட்டும் கீழே டிரம்மும் மட்டும் மிச்சம். நடுவில் ஒன்றுமில்லை. அந்தப் பள்ளத்தை நிரப்பக் கீபோர்டு வந்தது. மைக் செட் வண்டியில் ஏற்றி, சின்ன ஜெனரேட்டர் போட்டு, ஒரு பையன் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) பிடித்தால் பேஸ் என்கிற கீழ்க் குரலும் வந்துவிடும், வயலின் சத்தமும் வந்துவிடும். மூன்று ஆள் கூலி மிச்சம். டி.ஜே. பெட்டிகளும் கேரளத்துச் செண்டை மேளமும் பாதி ஆர்டரைக் கொண்டு போன நேரத்தில் அந்த மிச்சம் சின்னதல்ல. மாஸ்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

மலை மேல் நடந்தது

இனி அந்த ராத்திரிக்கு வருவோம்.

சேலத்தில் இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் மேலே. காற்று வாத்தியக்காரர்களுக்கு உயரம் பிரச்சினையே இல்லை. காற்றழுத்தம் குறைவதால் சுருதி மாறாது. மாற்றுவது வெப்பம். ஒரு டிகிரி குறைந்தால் காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு 0.6 மீட்டர் குறையும். குழாயின் நீளம் அப்படியே இருக்க, உள்ளே ஓடும் ஒலி மெதுவானால் சுருதி இறங்கும். 15 டிகிரி வித்தியாசம் என்றால் வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் 9 மீட்டர் போச்சு. கட்டைக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய கால் கட்டை. ஊதுகிறவரின் மூச்சு குழாயைச் சூடாக்குவதால் நடைமுறையில் முழுசாக அவ்வளவு இறங்காது. ஆனால் பவனியில் தொடர்ந்து ஊத முடியாது. தேர் நிற்கும், ஜெபம் நடக்கும், வாத்தியத்தைக் கையில் பிடித்தபடி காத்திருக்க வேண்டும். அதற்குள் பித்தளை ஜில்லென்று ஆகிவிடும். மறுபடி ஆரம்பிக்கும் முதல் வரி ஒவ்வொரு முறையும் கீழேதான் விழும்.

கீபோர்டுக்குக் குளிரும் தெரியாது, வெயிலும் தெரியாது. மின்னணுச் சுற்றின் அடிப்படைச் சுருதி எங்கே இருந்தாலும் 440 ஹெர்ட்ஸ்தான். ஜெனரேட்டர் மேல் பழி போட்டவருக்கு இதுதான் பதில்: கரண்ட் குறைந்தால் கீபோர்டு அணையும், சுருதி இறங்காது. ரீட் நனைந்தாலும் ஒலி கனத்துத் தடிக்கும், இரண்டு சாக்ஸபோனும் ஒரே அளவு இறங்காது. அன்றைக்கு இரண்டும் சேர்ந்தே இறங்கியிருந்தன. ட்ரம்பெட்டும் கூடவே இறங்கியிருந்தது. கீபோர்டு மட்டும்தான் தனியாக நின்றது.

சரி, சாக்ஸபோனை ஏற்றியிருக்கலாமே? வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸைக் கார்க் மேல் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினால் குழாய் குட்டையாகிச் சுருதி ஏறும். சாதாரண வேலை. இங்கேதான் ஒரு பழைய ரிப்பேர் குறுக்கே வந்தது. ஆல்டோவின் நெக்கில், அதாவது மவுத்பீஸ் மாட்டும் வளைந்த குழாயில், கார்க் தேய்ந்துபோய் மவுத்பீஸ் ஆடிக்கொண்டிருந்தது. புதுக் கார்க் போடாமல் நூலைச் சுற்றிப் பசை வைத்து இறுக்கி வைத்திருந்தார்கள். சேலத்து வெயிலில் வாத்தியம் ஏறி நிற்கும் என்பதால் மவுத்பீஸ் வெளியே தள்ளி இருக்கும்படி நூல் சுற்றப்பட்டிருந்தது. கீழே அது கச்சிதம். மேலே ஒரு நூல் அளவுகூட உள்ளே போகவில்லை. ட்ரம்பெட்டில் சுருதி சேர்க்க நகர்த்தும் குழாயான ட்யூனிங் ஸ்லைடு எண்ணெய் காணாமல் அதற்கு முன்பே இறுகிக் கிடந்தது. சேலத்தில் அதை யாரும் அசைக்க வேண்டியிருக்கவில்லை.

கீபோர்டையே இறக்கியிருக்கலாம். அநேகமாக எல்லாக் கீபோர்டிலும் நுண்சுருதியை மாற்றும் வசதி மெனுவுக்குள் இருக்கும். பையனுக்கு ட்ரான்ஸ்போஸ் பொத்தான் மட்டுமே தெரியும். அதை ஒரு தடவை அமுக்கினால் அரைக் கட்டை குதிக்கும். கால் கட்டை மேலே இருந்தது கால் கட்டை கீழே போனது. கேட்டவர்கள் முகத்தைச் சுளித்ததில் வித்தியாசம் இல்லை.

பெரியவர் கேட்ட கேள்வி

திரும்பி வந்த பிறகு கூட்டம் போட்டார்கள். புது சாக்ஸபோன் வாங்கினால் சரியாகிவிடும் என்பது இளவட்டத்தின் கட்சி. யூஃபோனியம் பெரியவரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஊதுவதற்கு முன் வாத்தியத்தைச் சூடு பண்ணினீர்களா என்று மட்டும் கேட்டாராம். யாரும் பதில் சொல்லவில்லை.

பறை அடித்தவர்களின் பேரன்கள் இவர்கள். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சாமல் எந்தப் பறையும் கிளம்பாது. பனிக்காலம் என்றால் ஊர்வலத்தின் நடுவிலேயே நிறுத்தி மறுபடி காய்ச்சுவார்கள். பித்தளைக்கும் சூடு வேண்டும், ஆனால் அதற்கு நெருப்பு வேண்டாம். மவுத்பீஸில் உதட்டை வைத்துச் சத்தம் எழுப்பாமல் மூச்சை மட்டும் விட்டுக்கொண்டே இருந்தால் போதும். தேர் நிற்கும்போது மணி போல விரிந்த முனையைக் கோட்டுக்குள் அணைத்து வைத்தாலே பாதி சூடு தங்கும். பழைய செட்டில் இது வழக்கமாக இருந்திருக்கிறது. கிளம்பும் இடத்தில் நின்று முதலில் கிளாரினெட் ஒரு ஸ்வரம் பிடிக்கும், மற்ற எல்லாரும் அதோடு சேருவார்கள், அப்புறம்தான் டிரம் அடி விழும். கீபோர்டு வந்த பிறகு சுருதி சேர்ப்பது நின்றுவிட்டது. கீபோர்டு எப்போதும் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை.

என் கணிப்பில் இந்த நிகழ்வின் வேர் இங்கே இருக்கிறது. வெறும் காற்று வாத்தியங்கள் மட்டும் உள்ள செட் அதே குளிரில், அதே தெருவில் வாசித்திருந்தால் எல்லாரும் சேர்ந்து இறங்கியிருப்பார்கள். பாடுகிறவர்களும் அதோடு இறங்கியிருப்பார்கள். கேட்கிறவர் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. பெரிய வாத்தியம் மெதுவாகச் சூடாகும், சின்னது சீக்கிரம் சூடாகும் என்ற வேறுபாடு உண்டுதான். அதைக் காது பார்த்து உதட்டில் சரி செய்துகொள்வார்கள். வெளியில் இருந்து ஒரு மாறாத சுருதியை உள்ளே கொண்டு வந்து, அதற்குத் தலையாட்டப் பழகியதால்தான் குளிர் ஒரு விபத்தாக மாறியது. செலவு மிச்சம் பிடிக்க நடுக் குரல்களை விட்டது அதற்கு முந்திய படி. சாக்ஸபோன் தம்பிமேல் கோபப்படுவதில் நியாயமே இல்லை.

இதற்கு எதிர்க்கட்சியும் இருக்கிறது. கீபோர்டு இல்லாவிட்டால் இன்றைய சினிமாப் பாட்டு பாதி நிற்காது, வரவேற்பு நிகழ்ச்சிக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்கிறார் மாஸ்டரின் மகன். அதுவும் உண்மைதான். மண்டபத்துக்குள், ஒரே இடத்தில் உட்கார்ந்து வாசிக்கும்போது கீபோர்டால் கெடுதல் ஒன்றும் இல்லை. நடந்து போகிற, நின்று நின்று கிளம்புகிற ஊர்வலத்துக்குத்தான் அது பொருந்தவில்லை.

செய்த மாற்றங்கள்

முதலில் நெக்கில் புதுக் கார்க் போட்டார்கள். மொத்தச் சம்பவத்திலும் மலிவான வேலை இதுதான். ட்ரம்பெட் ஸ்லைடைக் கழற்றி எண்ணெய் விட்டார்கள். ரப்பர் பேண்டு கட்டி ஓட்டிக்கொண்டிருந்த இரண்டு சாவிகளுக்கு ஸ்பிரிங் மாற்றினார்கள். சாவிகளின் அடியில் துளையை மூடும் தோல் பேடுகளில் ஓட்டை இருக்கிறதா என்று இருட்டு அறையில் குழாய்க்குள் சின்ன பல்பை விட்டுப் பார்க்கும் பழக்கத்தைப் பெரியவர்தான் சொல்லிக் கொடுத்தார். அவர் காலத்தில் அதைப் பேட்டரி லைட்டில் பார்த்தார்களாம். இப்போது செல்போனில் பிடிக்கிறார்கள்.

யூஃபோனியத்தின் வால்வைக் கழுவிச் சரி செய்தாயிற்று. வாசிக்க ஆள் கிடைப்பதுதான் பாடாக இருந்தது. கடைசியில் டிரம் வாசிப்பவரின் மகள் எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடப் பேண்டில் ட்ரம்பெட் வாசித்தவள். வால்வு விரல் கணக்கு அப்படியே ஒத்துப்போனதால் ஆறேழு வாரத்தில் கீழ்க் குரல் பிடிக்க வந்துவிட்டது. பெண் பிள்ளை தெருவில் வாசிப்பதா என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அவளுடைய அம்மா அவர்களை எப்படிச் சமாளித்தார் என்பதை இங்கே எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சேர்ந்து வாசிக்கிறார்கள். புதுப் பாட்டு எடுப்பதற்கு முன் ஒரே ஸ்வரத்தை எல்லாரும் நீளமாகப் பிடிக்க வேண்டும் என்பது பெரியவர் போட்ட சட்டம். பையன்களுக்கு அது அலுப்பு. ஆனால் கேட்டுப் பார்த்தேன், கீழே யூஃபோனியம் வந்து சேர்ந்ததும் ஆல்டோவின் ஓசையே வேறு மாதிரி நிற்கிறது. தனியாக ஊதும்போது அந்த ஆல்டோவில் ஒரு கீச்சு இருக்கும். அது காணாமல் போகிறது. சாக்ஸபோன் தம்பி தன் வாத்தியம்தான் ரிப்பேரால் நன்றாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். யாரும் திருத்தவில்லை.

அன்பளிப்புத் தகராறுக்கு அரைகுறையாக ஒரு ஏற்பாடு. சட்டையில் குத்தும் நோட்டில் பாதி வாங்கியவருக்கு, மீதி பொதுப் பெட்டிக்கு. பெட்டிப் பணம் ரீடுக்கும் ரிப்பேருக்கும். ரீட் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, ஒரு பெட்டி வாங்கினால் அதில் நன்றாகப் பேசுவது சில மட்டுமே. ஒழுங்காகக் கணக்கு எழுதுகிறார்களா என்று கேட்டேன். சிரித்தார்கள்.

பணக் கணக்கில் இது இன்னும் லாபம் ஆகவில்லை. ஊர்வலத்துக்கு ஆள் கூடினால் கூலி கூடும். பேரம் பேசுகிற வீட்டுக்காரருக்கு யூஃபோனியம் எதற்கு என்று புரிய வைக்க முடியாது. அதே தொகைக்கு டி.ஜே. வண்டி லைட்டோடு வரும். கல்யாண மாதங்களில் மண்டப வேலைக்குக் கீபோர்டு, திருவிழாவுக்கும் பவனிக்கும் முழுச் செட் என்று இரண்டு விலை வைத்திருக்கிறார்கள். இது எத்தனை நாள் நிற்கும் என்பதில் மாஸ்டருக்கும் மகனுக்கும் ஒத்த கருத்து இல்லை. மகன் இன்னொரு டெனர் சாக்ஸபோன் வாங்கலாம் என்கிறார். மாஸ்டர் பேண்டு வாத்தியங்கள் செய்யும் மீரட்டில் இருந்து பழைய ட்ராம்போன் ஒன்றை வரவழைக்க விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

ஆடிக்கு முன்பணம் வாங்கியாயிற்று. வண்டி வேடிக்கைக்குப் பேச வந்தவர்கள் போன தடவை மாதிரியே கீபோர்டு வண்டி வேண்டும் என்றார்கள். மாஸ்டர் சரி என்று தலையாட்டினார். விலையை மட்டும் யூஃபோனியத்துக்கும் சேர்த்துச் சொன்னார்.